மடிப்பலகை

மாடு எழும்பிப் போய்விட்டது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. நிலாவெளி வீதியில், பொழுது இருண்டுவருகிற மைம்மல் நேரம், தன் சொந்தக் கட்டில் மாதிரி நடுறோட்டில் படுத்திருந்த அந்தக் கோதாரி விழுந்த மாட்டில் எங்கள் மோட்டார் சைக்கிள் மோதியது. முன்னால் இருந்து சைக்கிளை ஓடியவர் என் கணவர் றிக்சன். நடுவில் மகள் ஜெசிகா. பின்னால் நான். விழும்போது பிள்ளையை இறுக்கிக்கொண்டு திரும்பினேன், அவ்வளவுதான் தெரியும். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. றிக்சனுக்கு முழங்கை உரசியது. மாடு எழும்பி, வாலை ஒருதரம் சுழற்றிவிட்டுப் பக்கத்து வளவுக்குள் போனது. நான் மட்டும் எழும்பவில்லை.

முள்ளந்தண்டு முறிந்து, உள்ளே ஓடுகிற நரம்பு நசிந்துவிட்டது என்றார்கள். தொப்புளுக்கு மேலே நான் பழைய நிரோஷினிதான். கை இருக்கிறது, வாய் இருக்கிறது. வாய் கொஞ்சம் கூடவே இருக்கிறது என்று எங்கள் பாலையூற்றில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தொப்புளுக்குக் கீழே சூடு இல்லை, குளிர் இல்லை, நோ இல்லை. சிறுநீர் முட்டினாலும் தெரியாது, போனாலும் தெரியாது.

கொழும்புப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்துப் பழக்கினார்கள். அங்கே தமிழ் கதைக்கிற நேர்ஸ் ஒருத்தி சொன்னதை நான் மறக்கவில்லை. "உங்கட கால் ரெண்டும் கதைக்கத் தெரியாத பிள்ளையள் மாதிரி. சுட்டாலும் அழாதுகள். நீங்கள்தான் கண்ணால பாத்துக்கொள்ளோணும்." அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எனக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தபிறகு றிக்சன் என்னைத் தரையில் விடவில்லை. தூக்கி இருத்துவார், தூக்கிப் படுக்க வைப்பார், கேட்குமுன் தண்ணீர் வரும். ஆனால் அந்த மனிசன் என் முகத்தைப் பார்க்கமாட்டார். "நான்தானே ஓடினனான்" என்று ஒருநாள் குசினிக்குள் நின்று அழுதார். "மாடெல்லோ படுத்துக் கிடந்தது, நீங்களே படுத்துக் கிடந்தனீங்கள்?" என்று கத்தினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் கத்தாருக்குப் போய்விட்டார். உழைக்கத்தான் போனார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற நேரத்திலும் என் தலைக்கு மேலே சுவரைத்தான் பார்ப்பார்.

அவர் போனபிறகுதான் நான் எல்லாவற்றையும் நானே செய்யப் பழகினேன். கட்டிலுக்கும் சில்லுக் கதிரைக்கும் நடுவே பலகை வைத்து வழுக்கி மாறுவேன். குழாய் போட்டுச் சிறுநீர் எடுப்பேன். இருக்கிற இடத்தில் புண் வராமல் அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்குவேன். பின்னேரம் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு காலையும் பின்பக்கத்தையும் பார்ப்பேன், எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று. சோறு கறி, உடுப்புத் தோய்க்கிறது, ஜெசிகாவுக்குத் தலை பின்னுகிறது எல்லாம் நான்தான். காஸ் சிலிண்டர் மாற்றவும் மேல்தட்டுச் சாமான் எடுக்கவும் பக்கத்து வீட்டு றம்லாவைக் கூப்பிடுவேன். என்னால் ஏலாததை வாய்விட்டுக் கேட்கப் பழகியதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. அதை இன்னும் சரியாகப் பழகவில்லை என்று பிறகு தெரிந்தது.

றம்லாவின் கணவர், நான் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற அபூதாஹிருக்குத் தச்சுவேலை. என் குசினி மேசையின் காலை அறுத்து, என் கதிரைக்கு ஏற்ற உயரத்துக்குப் பணித்துத் தந்தவர் அவர். வாசற்படிகளுக்குச் சரிவுப் பலகை போட்டவரும் அவர். கடைசியாக ஒரு மடிப்பலகை செய்து தந்தார். பலா மரத்தில், சுற்றிவரச் சின்ன விளிம்பு வைத்து, என் கதிரையின் இரண்டு கைப்பிடிகளிலும் சரியாக இருக்கிற மாதிரி. சட்டியை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் என் தொடையில் சூடு படாது. "கொதிச்ச சாமான் எதையும் இது இல்லாம மடியில வெக்காதீங்க தங்கச்சி" என்றார். அந்தப் பலகை வந்தபிறகுதான் இந்தக் குசினி என்னுடையது என்று எனக்குப் பட்டது.

அப்படி இருக்கும்போதுதான் றிக்சன் கத்தாரிலிருந்து போன் எடுத்தார்.

"அக்கா கேக்கிறா, பிள்ளையைத் தன்னோட விடச்சொல்லி. உனக்கும் லேசா இருக்கும் நிரோ."

"எனக்கு லேசு வேணாம். பிள்ளைதான் வேணும்."

"உனக்கு ஏதும் நடந்தா அந்தப் பிள்ளை தனிய என்ன செய்யும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. கத்தினேன். அவர் கத்தவில்லை. கடைசியில், "பிள்ளையின்ர முதல்நன்மைக்கு அக்கா வாறா. வந்து நிண்டு பாக்கட்டும். நீ சமாளிப்பாய் எண்டு அவ சொன்னா நான் வாயே திறக்கமாட்டன்" என்றார்.

அவருடைய அக்கா புஸ்பராணி மச்சாள் இருப்பது இலங்கைத்துறையில். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, அதற்கும் அங்கால் போகவேண்டும். மச்சாளுக்குப் பிள்ளை இல்லை. புருசனுக்குக் கடற்தொழில். நல்ல மனிசி. அதுதான் எனக்குப் பயம். கெட்டவளென்றால் சண்டை பிடிக்கலாம். என் பிள்ளை அங்கே போனால் நான் போய்ப் பார்ப்பது எப்படி? சில்லுக் கதிரையைக் கண்டதும் பஸ்காரன் நிற்பாட்டாமல் இன்னும் வேகமாக அமத்திக்கொண்டு போவான்.

மச்சாள் ஒரு கிழமை முன்னமே வந்துவிட்டா. சோதனை மண்டபத்தில் நிற்கிற ரீச்சர் மாதிரி குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தா. நான் வெங்காயம் வெட்டினால் பார்ப்பா. மீன் கழுவினால் பார்ப்பா. "விடு, நான் செய்யிறன்" என்று கையை நீட்டினா.

"மச்சாள், நீங்கள் பாக்க வந்தனீங்கள். பாத்துக்கொண்டிருங்கோ" என்றேன்.

"வாயைப் பாரன்" என்றா. ஆனால் கையை எடுத்துக்கொண்டா.

ஒரு நாள் காலையில் குளியலறையில் வழுக்கி மாறுகிற பலகை சறுக்கி நிலத்தில் விழுந்துவிட்டேன். மச்சாள் ஓடி வந்தா. "தொடாதேங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டா. முதலில் சின்ன முக்காலியில் ஏறினேன், பிறகு கதிரையில். வேர்த்து ஊற்றியது. ஏறி முடித்துக் காலைக் கையால் தூக்கி மிதியில் வைத்துவிட்டுப் பார்த்தால், மச்சாள் வாசலில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தா. அன்றைக்குப் பிறகு குசினி வாசலில் கதிரை போடவில்லை. ஜெசிகாவின் வெள்ளைச் சட்டைக்குக் கரை தைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தா. ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தா. என் நெஞ்சுக்குள் கொஞ்சம் இடம் விட்டது.

பிள்ளை முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாளுக்கு, அந்த முதல்நன்மைக்கு, றிக்சன் வீட்டாரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளை வெறும் வயிற்றோடு பூசைக்குப் போகும். நன்மை வாங்கி வந்து, வீட்டில் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் இருக்கும். பிறகு பிள்ளையின் வாயில் போகிற முதல் சாப்பாடு தாய் காய்ச்சிய சர்க்கரைப் புக்கையாக இருக்கவேண்டும். அதுவும் கோப்பையில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. அடுப்பால் இறக்கின சட்டியோடு தாய் கொண்டுவந்து வைத்து, தன் கையால் முதல் வாய் ஊட்டவேண்டும். றிக்சனுக்கும் அப்படித்தான் ஊட்டினார்களாம், மச்சாளுக்கும் அப்படித்தான். இதை நான் செய்வேனா என்றுதான் மச்சாள் பார்த்துக்கொண்டிருக்கிறா என்று எனக்குத் தெரியும்.

கோயில் எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில்தான். நானே கதிரையைத் தள்ளிக்கொண்டு பூசைக்குப் போனேன். ஜெசிகா கையைக் கூப்பிக்கொண்டு வரிசையில் போனாள். நாக்கை நீட்டி நன்மை வாங்கிவிட்டுத் திரும்பும்போது என்னைத் தேடிப் பார்த்தாள். ஐயோ, அந்த முகம். பூசை முடிந்ததும் பிள்ளைகளைக் கோயில் படியில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். படிக்கும் எனக்கும் ஒத்துவராது. நான் முன்னாலேயே வீட்டுக்கு வந்து, விடியவே அவித்து வைத்த அரிசியில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் கொதிக்க வைத்தேன். இறக்குகிற நேரம் மடிப்பலகையைத் தேடினேன். அது தொங்குகிற கொளுவியில் இல்லை.

விறாந்தையில் இருந்தது. நான் பூசைக்கு வெளிக்கிட்ட பிறகு மச்சாள் இரண்டு முக்காலிக்கு மேலே அதை வைத்து, வெள்ளைப் பின்னல் துணி விரித்து, மாதாவை நிறுத்தி, மெழுகுதிரி வைத்து, மல்லிகைப்பூவும் போட்டிருந்தா. விளிம்பு இருந்ததால் சுரூபம் வழுக்காது என்று நினைத்திருப்பா. அவ்வளவு அழகாக இருந்தது. மாதாவைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுப் பலகையைத் தாருங்கோ என்று அந்த நேரம் யாரிடம் கேட்பது? கேட்டால், பலகை இல்லாமல் இவளால் ஒரு சட்டியைத் தூக்க ஏலாதா என்று நினைத்துவிடுவா. குசினியிலிருந்து விறாந்தைக்கு எவ்வளவு தூரம்? பெரிய துவாயை மடித்து, மடித்து மடியில் வைத்தேன். அதற்கு மேலே சட்டியை இறக்கினேன். கை மாற்றி மாற்றி, ஒரு கையால் சட்டியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சில்லைத் தள்ளினேன்.

குசினி வாசலில் மச்சாள் நின்றா. கோயிலிலிருந்து அப்போதுதான் ஓடி வந்திருக்கிறா, மூச்சு வாங்கியது. வாசலுக்குப் போட்ட சரிவுப் பலகையில் ஏறி, சில்லுக்குப் பிறேக் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"பிள்ளையள் வந்துகொண்டிருக்கினம்" என்றா. பிறகு என் முகத்தைப் பார்த்தா. "நிரோ, நான் இரவு றிக்சனோட கதைச்சனான். பிள்ளை இஞ்சயே இருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டன். தாய் எண்டா நீதானடி. எனக்கு ஆசைதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா உன்னட்டயிருந்து பிரிச்சா மாதா என்னை மன்னிக்கமாட்டா."

சட்டி பிடித்திருந்த என் இரண்டு கையையும் தன் கையால் பொத்திக்கொண்டு அழுதா. நானும் அழுதேன். விக்கி விக்கி அழுதேன். அந்த மாட்டுக்குப் பிறகு, அதுதான் நான் சந்தோசத்தில் அழுத முதல் தரம். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. சரிவில் நின்றதால் சட்டி சரிந்து கொதிபால் வழிந்திருக்கிறது. சர்க்கரைப்பால். துவாய் குடித்திருக்கிறது, துவாய்க்குக் கீழே என் பாவாடை குடித்திருக்கிறது. நான் மச்சாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெசிகா வந்தாள். மாதாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். நான் சட்டியை இன்னொரு முக்காலியில் வைத்து, முதல் வாய் ஊட்டினேன். "சுடுதம்மா" என்று சிரித்தாள். ஊதி ஊதி இரண்டாம் வாய் கொடுத்தேன். பிறகு வழக்கம்போல என் மடியில் ஏறி இருந்துகொண்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். போனில் றிக்சன் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரை இல்லை, என்னைப் பார்த்தார்.

பிள்ளை இறங்கினபோது அவளுடைய வெள்ளைச் சட்டையின் பின்பக்கம் ஈரம். மச்சாள்தான் முதலில் கண்டா. பிள்ளையைக் கூட்டிப்போய் உடுப்பு மாற்றினா. திரும்பி வந்து ஒரு புதுத் துவாயை என் மடியில் விரித்துவிட்டு, காதுக்குள், "பரவாயில்லையடி. ஒருத்தரும் காணேல்ல" என்றா.

சிறுநீர் என்றுதான் அவ நினைத்தா. நானும் அப்படித்தான் நினைத்தேன். காலையில் அவசரத்தில் குழாய் போட நேரம் பிந்தியிருந்தது. ஈரமென்றால் எனக்கு அது ஒன்றுதான். வெட்கத்தில் முகம் எரிந்தது. கட்டிலுக்குப் போய் மாற்றுவதென்றால் எல்லாருக்கும் முன்னால் போகவேண்டும். ஃபாதர் வேறு சாப்பாட்டுக்கு வந்திருந்தார். எல்லாரும் போகட்டும் என்று இருந்தேன். வந்த சனமும் அப்படித்தான். கண்டவர்களும் காணாத மாதிரி, மரியாதையாக, வேறு பக்கம் பார்த்துக் கதைத்தார்கள். றம்லா வட்டிலப்பம் கொண்டுவந்தபோதுதான் பின்னேரம் ஆகியிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, காய்ச்சலா?" என்று கழுத்தில் கை வைத்தாள். வைத்த உடனே கதிரையை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

பாவாடை தொடையோடு ஒட்டியிருந்தது. றம்லா மெல்ல இழுத்தாள். துணியோடு தோலும் வந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பது போல இருந்தது.

"அல்லாஹ்வே! நோகல்லியா புள்ள?"

"இல்லை" என்றேன். நோகவில்லை. கடவுளறிய நோகவில்லை. நொந்திருந்தால் குசினி வாசலிலேயே ஊரைக் கூட்டியிருப்பேன். எனக்கென்ன கத்தத் தெரியாதா?

"பலக எங்க?" என்று றம்லா கேட்டாள். "அவர் செஞ்சு தந்த பலக எங்க போன?"

வாசலில் நின்ற மச்சாளின் காதிலும் அந்தக் கேள்வி விழுந்தது. திரும்பி விறாந்தையைப் பார்த்தா. போய்ப் பின்னல் துணியைத் தூக்கிப் பார்த்த சத்தம் எனக்குக் கேட்டது. மெழுகுதிரி விழுந்த சத்தமும் கேட்டது. பிறகு அவ போட்ட சத்தம், அதை நான் எழுதமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் தோல் வைத்துத் தைக்கவேண்டும் என்றார்கள். மாதங்கள் எடுக்கும். உணர்ச்சியில்லாத காலில் புண் ஆறுவது சுணங்கும். அதுவரை கதிரையில் இருக்கவே கூடாது, படுத்தபடிதான். பக்கத்துக் கட்டில்காரி, "பட்ட காலிலதான் படும் எண்டு சும்மாவே சொன்னவை?" என்றாள். பட்டதே தெரியாத காலுக்கு அந்தப் பழமொழி எதற்கு என்று கேட்டேன். அவள் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மச்சாள் கட்டிலடியில் நின்றா. சாப்பிடாத முகம். "நான்தான் பலகையை எடுத்தனான்" என்றா. அதே குரல். குசினிக்குள் நின்று றிக்சன் சொன்ன அதே குரல். எனக்கு வந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. மாட்டைத் திட்டலாம். மாதாவையா திட்டுவது? என் மேல் பாசம் வைத்த ஒவ்வொருத்தரும் இப்படிக் குற்றவாளிக் கூட்டில் ஏறி நின்றால் நான் என்ன செய்வேன்? எனக்கு ஒன்றும் நோகவில்லை. என்னைச் சுற்றி நிற்கிற எல்லாருக்கும் நோகிறது.

"நான் இஞ்ச வந்து பிள்ளையோட நிக்கிறன்" என்றா மச்சாள்.

"எத்தினை மாசத்துக்கு? உங்கட மனிசன் அங்க இலங்கைத்துறையில தனிய. கூட்டிக்கொண்டு போங்கோ மச்சாள்."

"நான் கேக்கேல்லையடி. நான் கேக்கேல்ல."

"ஓம், தெரியும். நான்தான் சொல்லுறன். கூட்டிக்கொண்டு போங்கோ."

என் வாயால்தான் சொன்னேன். இவ்வளவு நாளும் யாரும் பிடுங்கிவிடக் கூடாதென்று பொத்தி வைத்திருந்ததை நானே எடுத்து நீட்டினேன். றிக்சன் போனில் மறுபடி சுவரைப் பார்த்தார்.

போகிற அன்று ஜெசிகாவை வார்ட்டுக்குக் கூட்டிவந்தார்கள். தலை யாரோ பின்னியிருந்தார்கள், ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. தூரத்தில் நின்றாள்.

"கிட்ட வாங்கோ செல்லம். கட்டில்ல ஏறி இருங்கோ."

தலையை ஆட்டினாள். "வேணாம். நான் மடியில இருந்ததாலதானே அப்பிடி ஆனது?"

"ஐயோ, இல்லைக் குஞ்சு. ஆர் சொன்னது? அது புக்கை சிந்தினது."

"நான் ஏறி இருந்தனான்தானே. உங்களுக்கு நொந்திருந்தா இறங்கு எண்டு சொல்லியிருப்பீங்கள். உங்களுக்குத்தான் தெரியாதே."

எட்டு வயதுப் பிள்ளை அதை அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். தகப்பன் சொன்னதையும் மச்சாள் சொன்னதையும் விட அது எனக்குள் ஆழமாகப் போனது. இதைச் சுமந்துகொண்டு இவள் இலங்கைத்துறைக்குப் போகக் கூடாது, எப்படியாவது இப்போதே இறக்கி வைத்துவிட வேண்டும் என்று எனக்குப் பதறியது.

"எனக்கு எல்லாம் தெரியும். தொட்டுப் பாருங்கோ" என்றேன்.

மெல்லக் கிட்ட வந்தாள். என் நெற்றியில் விரலை வைத்தாள். "இது தெரியுதோ?"

"ஓம்."

கன்னத்தில் வைத்தாள். "இது?"

"ஓம். கை குளிருது. ஐஸ்கிறீம் குடிச்சனீங்களோ?"

கொஞ்சம் சிரித்தாள். தோளில் வைத்தாள். ஓம் என்றேன். நெஞ்சில் வைத்தாள். ஓம். வயிற்றில், சட்டைக்கு மேலே வைத்தாள். ஓம். புண்ணில் துணி படாமல் என் காலுக்கு மேலே கம்பிக் கூடு ஒன்று வைத்து, அதற்கு மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். நிமிர்ந்து படுத்திருந்த எனக்கு அதற்கு அங்கால் ஒன்றும் தெரியாது. ஜெசிகாவின் கை அந்தத் துணிக்குள் போனது. முழங்கை வரைக்கும் போனது. அவள் கண் என் முகத்தை விட்டு எடுபடவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது?"

"ஓம்" என்றேன். "நல்லாத் தெரியுது செல்லம்."

ஜெசிகா கையை வெளியே எடுத்தாள்.

"நான் இன்னும் தொடேல்லையம்மா" என்றாள்.